பீடி போய் பேட்டரி வந்தது!

புகையிலை ஏகபோகங்களின் புதிய மாய்மாலம்

(நமது ஆட்டையாம்பட்டி ஊழியர்)

"பீடியை எறி, இதைப் பிடி! நெருப்பு இல்லை, சாம்பல் இல்லை, நாற்றம் இல்லை, நோயும் இல்லை!" இப்படி ஒரு புது மந்திரம் பட்டணத்துப் பணக்காரப் பிள்ளைகளிடமிருந்து கிளம்பி, இன்று நமது விசைத்தறிக் கூடங்களின் வாசல் வரை வந்து நிற்கிறது. பெங்களூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போய்விட்டு மாரியம்மன் பண்டிகைக்கு ஊர் திரும்பும் வாலிபர்களின் சட்டைப் பையில் அதைப் பார்க்கலாம். பேனாவைப் போல ஒன்று, தீப்பெட்டியைப் போல ஒன்று. உறிஞ்சினால் மாம்பழ வாசனை, புதினா வாசனை. எலக்ட்ரானிக் சிகரெட் என்பது அதன் பெயர். 'வேப்' என்பது செல்லப் பெயர். இந்தியாவில் இதை விற்கக் கூடாது என்று 2019ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. சரக்கு சட்டைப் பையில் இருக்கிறது!

தறிக்காரர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "ஏனுங்க தோழர், இருபது வருசமாப் பீடி குடிக்கிறனுங்க. நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு. இந்தக் கரண்டு சிகரெட்டுக்கு மாறிட்டா ஒடம்புக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு எம் பையன் சொல்றான். மாறிக்கலாமுங்களா?"

நேர்மையான கேள்வி. இதற்கு நேர்மையான பதில் வேண்டும். "அது விஷம், தொடாதே" என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடுவது எளிது. ஆனால் உழைப்பாளி மக்களிடம் பாதி உண்மை சொல்வது முதலாளிகளின் பத்திரிகைகளுக்குத்தான் பழக்கம்; நமக்கு அது தகாது. ஆகவே விஷயத்தை முழுவதுமாகப் பார்ப்போம்.

மொந்தை புதுசு, கள் பழசு

முதலில் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். "ஆபத்தில்லாத புகை" என்ற கோஷம் இன்று பிறந்ததல்ல.

1950ஆம் ஆண்டில் பிரிட்டனில் டாலும் ஹில்லும் என்ற இரு விஞ்ஞானிகள், நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார்கள். அமெரிக்காவிலும் அதே முடிவு வந்தது. ஜனங்கள் பயந்தார்கள். கம்பெனிகள் என்ன செய்தன? சிகரெட்டை நிறுத்தினவா? இல்லை. 'ஃபில்டர்' என்று ஒரு பஞ்சுத் துண்டை நுனியில் சொருகி, "இனி பயமில்லை" என்று தமுக்கடித்தன. அப்படி வந்தவற்றில் ஒன்று 'கென்ட்' சிகரெட். 1952 முதல் 1956 வரை அதன் வடிகட்டியில் கம்பெனி வைத்திருந்த பொருள் என்ன தெரியுமா? கல்நார்! நீலக் கல்நார்! நுரையீரலைக் காக்கும் என்று சொல்லி, நுரையீரலை அரிக்கும் கல்நாரையே வாயில் வைத்தார்கள்.

அந்த வடிகட்டிக்குக் காகிதம் செய்த அமெரிக்கத் தொழிற்சாலையில் 1953இல் வேலை செய்த 33 தொழிலாளிகளின் கதியைப் பிற்காலத்தில் வைத்தியர்கள் ஆராய்ந்து 1989இல் வெளியிட்டார்கள். 33 பேரில் 28 பேர் செத்துப் போயிருந்தார்கள். சாதாரணமாக அந்த வயதினரில் எட்டுப் பேருக்குச் சற்று மேல்தான் இறந்திருக்க வேண்டும். பிடித்தவனும் செத்தான், செய்தவனும் செத்தான். பிழைத்தது லாபம் ஒன்றுதான்!

அதற்குப் பிறகு 'லைட்', 'மைல்டு' என்று புதுப் பெயர்கள் வந்தன. அவற்றால் நோய் குறையவில்லை. 2006ஆம் ஆண்டில் அமெரிக்க நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், இந்தக் கம்பெனிகள் பல பத்தாண்டுகளாக மக்களை ஏமாற்றின என்றே தீர்ப்பெழுதினார்.

குரங்கு ஒன்று வாலைக் கொடுத்துக் கத்தி வாங்கி, கத்தியைக் கொடுத்து வேறொன்று வாங்கி ஆடிய கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். புகையிலை முதலாளியும் அந்த ஆட்டத்தைத்தான் ஆடுகிறான். ஆனால் ஒரு வித்தியாசம்: இங்கே வாலை இழப்பது நாம், ஒவ்வொரு மாற்றத்திலும் கூலி வாங்கிக்கொள்வது அவன்.

மின்சிகரெட்டின் கதையும் இந்த வழியில்தான் போயிற்று. 2003ஆம் ஆண்டில் சீனாவில் ஹான் லிக் என்ற மருந்தாளர் இன்றைய வடிவில் இதைச் செய்தார். பத்தே ஆண்டுகள். 2013இல் அவருடைய காப்புரிமைகளை இம்பீரியல் டொபாக்கோ என்ற பிரிட்டிஷ் சிகரெட் கம்பெனி 7 கோடியே 50 லட்சம் டாலருக்கு வாங்கிவிட்டது. 2018 டிசம்பரில், மார்ல்பரோ சிகரெட்டை அமெரிக்காவில் விற்கும் ஆல்ட்ரியா கம்பெனி, 'ஜூல்' என்ற மின்சிகரெட் கம்பெனியில் 35 சதவீதப் பங்கை 1,280 கோடி டாலர் கொட்டி வாங்கியது. சிகரெட்டை ஒழிக்க வந்த ஆயுதம் என்றால், அதைச் சிகரெட் கம்பெனிகளே ஏன் இத்தனை ஆசையுடன் வாங்க வேண்டும்? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதால், ஆடுதான் யோசிக்க வேண்டும்!

அந்தக் குழலுக்குள் இருப்பது என்ன?

ஒரு லித்தியம் பேட்டரி. சூடேறும் ஒரு கம்பிச் சுருள். ஒரு திரவம். உறிஞ்சும்போது கம்பி காய்ந்து, திரவம் ஆவியாகிறது. அந்த ஆவியைத்தான் 'வெறும் நீராவி' என்கிறார்கள். பச்சைப் பொய்! அதிலிருப்பது புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் என்ற இரண்டு திரவங்கள், வாசனைச் சரக்குகள், எல்லாவற்றுக்கும் மேலாக நிக்கோடின். பீடியிலும் சிகரெட்டிலும் பொடியிலும் வெற்றிலைப் புகையிலையிலும் மனிதனைக் கட்டிப் போடும் அதே நிக்கோடின்.

கம்பி மிதமிஞ்சிச் சூடானால், இந்தத் திரவங்கள் சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற எரிச்சலூட்டும் பொருள்கள் உண்டாகின்றன. கம்பியிலிருந்து நிக்கல், குரோமியம் போன்ற உலோகத் துணுக்குகளும் ஆவியில் கலக்கின்றன.

வாசனைச் சரக்கைப் பற்றித் தொழிலாளிகள் அறிய வேண்டிய ஒரு வரலாறு உண்டு. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் சோளப்பொரித் தொழிற்சாலை ஒன்றில் முன்பு வேலை செய்த எட்டுத் தொழிலாளிகள், சுவாசக் குழாய் சுருங்கும் தீராத நோயுடன் கண்டுபிடிக்கப்பட்டனர். காரணம், வெண்ணெய் வாசனைக்காகச் சேர்த்த டையசிட்டைல் என்ற பொருள். தின்றால் தீங்கில்லை என்று சொல்லப்பட்ட சரக்கு, சூடாக்கி மூச்சில் இழுத்ததும் நுரையீரலைக் கெடுத்தது. பின்னர் மின்சிகரெட் திரவங்கள் பலவற்றிலும் அதே பொருள் இருப்பது தெரிய வந்தது. வயிற்றுக்குப் போவது வேறு, நெஞ்சுக்குப் போவது வேறு. முதலாளியின் விளம்பரம் இந்த வித்தியாசத்தைச் சொல்லாது.

மாறியவன் உடம்பில் நடப்பது

இனி அந்தத் தறிக்காரரின் கேள்விக்கு வருவோம். பீடியை முழுதாக விட்டு, மின்சிகரெட்டுக்கு மாறினால் உடம்பில் என்ன நடக்கும்?

நல்லதை முதலில் சொல்லிவிடுவோம். பீடியில் இலையும் புகையிலையும் எரிகின்றன. எரிவதால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் தாரும் உண்டாகின்றன. தெந்து இலை காற்றை உள்ளே விடாது; அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும். அதனால் சின்னப் பீடிதானே என்று எண்ணுவது தவறு. சிகரெட்டுக்குக் குறையாத, பலவற்றில் கூடுதலான நச்சை அது தருகிறது. எரிப்பதை நிறுத்தினால் கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாளில் ரத்தத்திலிருந்து இறங்கிவிடும். நாளாக ஆக நாக்குக்கு ருசியும் மூக்குக்கு வாசனையும் திரும்பும். இது உண்மை. ஆனால் இந்த நன்மை பீடியை விட்டதால் வந்தது. பேட்டரியைப் பிடித்ததால் வந்ததல்ல!

இனித் தொல்லைகள். வாய் வறளும், தொண்டை காயும், எரியும். புரொப்பிலீன் கிளைக்கால் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே, வியர்வை சொட்டத் தறி ஓட்டும் ஆளுக்கு ஏற்கெனவே தாகம். இது மேலும் வறட்சி. தலை சுற்றும், தலை வலிக்கும், குமட்டும், விக்கல் எடுக்கும், நெஞ்சு படபடக்கும். இவை நிக்கோடின் மிகுதியின் அறிகுறிகள். பீடி ஒன்று தீர்ந்தால் கை நிற்கும். இந்தக் குழலுக்கு முடிவே தெரியாது. எத்தனை இழுத்தோம் என்ற கணக்கே இல்லாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கலாம். நிக்கோடின் நாடித் துடிப்பைக் கூட்டும், ரத்த அழுத்தத்தை ஏற்றும்.

பீடியை விட்டதும் சிலருக்கு முதல் சில வாரங்கள் இருமல் கூடுவதும் உண்டு. புகையால் செயலற்றுக் கிடந்த சுவாசக் குழாயின் மெல்லிய ரோமங்கள் மறுபடி வேலை செய்து, தேங்கிய சளியை வெளியே தள்ளுகின்றன. இதைக் கண்டு பயந்து, "பீடி பிடித்தபோதே நன்றாயிருந்தேன்" என்று திரும்பிப் போகக் கூடாது. வாய்ப்புண் வரலாம், "பீடி இழுத்தால்தான் காலையில் வயிறு கழியும்" என்பவர்களுக்கு மலச்சிக்கல் வரலாம். புகையிலையை எந்த வழியில் விட்டாலும் வரக்கூடிய இவை போய்விடும். ஆனால் இருமல் மாதக்கணக்கில் நின்றாலோ, சளியில் ரத்தம் கண்டாலோ, உடம்பு இளைத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது வேறு நோயாக இருக்கலாம், காசநோயாகவும் இருக்கலாம்.

இது நமது கற்பனையல்ல. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 886 பேரை வைத்து நடத்திய ஆராய்ச்சி 2019இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு மின்சிகரெட். மறு பகுதியினருக்கு நிக்கோடின் பட்டை, மிட்டாய் போன்ற வைத்திய முறைகள். மின்சிகரெட் பிடித்தவர்களில் 100க்கு 65 பேருக்கு வாய், தொண்டை எரிச்சல். மறு தரப்பில் 51 பேருக்கு. குமட்டலோ மறு தரப்பில்தான் அதிகம்: 38 பேருக்கு, மின்சிகரெட் தரப்பில் 31 பேருக்கு. ஓராண்டு கழித்து முதல் தரப்பில் 18 சதவீதம் பேரும், மறு தரப்பில் 9.9 சதவீதம் பேரும் சிகரெட்டை விட்டிருந்தார்கள். இந்த எண்ணைத்தான் கம்பெனிகளின் வக்கீல்கள் கொடியில் எழுதித் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ஆனால் அதே ஆராய்ச்சியின் அடுத்த எண்ணை விழுங்கிவிடுகிறார்கள். சிகரெட்டை விட்டவர்களில், வைத்திய முறைக்காரர்கள் 100க்கு 9 பேர்தான் ஓராண்டுக்குப் பின்னும் மருந்தைத் தொடர்ந்தார்கள். மின்சிகரெட்காரர்களோ 100க்கு 80 பேர் இன்னும் அதை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்!

மருந்து என்பது தீர்ந்து போக வேண்டும். தீராத மருந்து மருந்தல்ல, சந்தா! இதுதான் முதலாளிக்கு வேண்டியது.

இதிலும் பெரும்பாலோர் முழுவதுமாக மாறுவது கிடையாது. கூடத்துக்குள் மின்சிகரெட், வெளியே வந்தால் பீடி. இப்படி இரண்டையும் சேர்த்துப் பிடிப்பவனுக்கு இரண்டின் தீங்கும் சேரும். நன்மை ஒன்றும் இல்லை.

2019–20இல் அமெரிக்காவில் மின்சிகரெட் பிடித்தவர்களுக்குத் திடீரென்று நுரையீரல் வெந்து போகும் நோய் பரவியது. 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் ஆஸ்பத்திரிப் படியேறினர். 68 பேர் இறந்தனர். பெரும்பாலும் கஞ்சாச் சத்துக் கலந்த கள்ளச் சரக்கில் சேர்த்த 'வைட்டமின் ஈ அசிடேட்' என்ற எண்ணெய்ப் பொருளே முக்கியக் காரணம் என்று கண்டார்கள். நமக்கு இதில் பாடம் என்ன? இன்று இந்தியாவில் கிடைப்பது முழுவதும் கள்ளச் சரக்குதான். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று விற்பவனுக்கும் தெரியாது, வாங்குபவனுக்கும் தெரியாது.

பஞ்சுத் தூசியும் பேட்டரிப் புகையும்

மில் தொழிலாளியின் நெஞ்சு, பங்களாவில் இருப்பவன் நெஞ்சைப் போன்றதல்ல. பள்ளிபாளையம், குமாரபாளையம், ராசிபுரம், திருச்செங்கோடு, ஆட்டையாம்பட்டி எங்கும் நூற்பாலையிலும் தறிக்கூடத்திலும் பறக்கும் தூசியை அது தினமும் தின்கிறது. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுக்கிப் பிடிக்கும் நோயைப் பஞ்சாலைத் தொழிலாளிகள் அறிவார்கள். வைத்திய சாஸ்திரம் அதைப் 'பைசினோசிஸ்' என்கிறது. ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலேயே அது இருக்கிறது. புகை பிடிக்கும் பஞ்சுத் தொழிலாளிக்கு அந்த நோய் கூடுதல் வேகத்தில் முற்றுகிறது என்பது நிரூபணமான விஷயம். ஏற்கெனவே தூசியால் புண்ணான சுவாசக் குழாய்க்கு, பீடியை நிறுத்தியதும் இளைப்பாறுதல் வேண்டும். அதற்குப் பதிலாக இன்னொரு எரிச்சலை அனுப்புவது எந்த வைத்தியம்?

மேலும் லித்தியம் பேட்டரி வெடிப்பதுண்டு. 2018இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மின்சிகரெட் வெடித்து ஒருவர் இறந்தார். நூலும் பஞ்சும் குவிந்து கிடக்கும் கூடத்தில் சட்டைப் பையில் ஒரு வெடி தேவையா?

விவசாயத் தொழிலாளிகளுக்கும் நிக்கோடின் அந்நியமல்ல. ஈரோடு, திண்டுக்கல் பக்கத்துப் புகையிலைக் காடுகளில் கொழுந்து கிள்ளி இலை அறுத்தவர்களைக் கேளுங்கள். பனி ஈரத்தில் இலையைத் தொட்டால் நிக்கோடின் தோல் வழியாகவே உடம்பில் ஏறுகிறது. வாந்தி, மயக்கம், தலைவலி. 'பச்சைப் புகையிலை நோய்' என்று இதற்குப் பெயர். குஜராத் வயல்களிலும் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். வாயில் வைக்காதவளுக்கே வாந்தி வருகிறது என்றால், மாம்பழ வாசனை போட்டதால் அதே நிக்கோடின் அமிர்தமாகிவிடுமா?

"தடையை நீக்கு" என்போருக்கு

இங்கிலீஷ் பத்திரிகைகளில் சில மேதாவிகள் எழுதுகிறார்கள்: "பிரிட்டனைப் பாருங்கள். அங்கே சர்க்காரே 2023இல் பத்து லட்சம் பேருக்கு மின்சிகரெட் தருவதாக அறிவித்தது. இந்தியாவில் மட்டும் தடை ஏன்? ஏழையின் உயிரைக் காக்க விடுங்கள்!"

ஏழையின் மேல் எத்தனை பரிவு! ஐயா, பிரிட்டனில் காசு கேட்காமல் பார்க்கும் பொது வைத்தியசாலை இருக்கிறது. ஆலோசகர் இருக்கிறார். திரவத்தில் நிக்கோடின் எவ்வளவு என்பதற்குச் சட்ட வரம்பு இருக்கிறது. அப்படியிருந்தும், பிள்ளைகள் கையில் அது பரவியதைக் கண்டு, ஒருமுறை பிடித்து எறியும் மின்சிகரெட்டை 2025 ஜூன் 1 முதல் அதே பிரிட்டன் தடை செய்துவிட்டது. இதை ஏன் எழுதவில்லை? அமெரிக்காவில் கட்டவிழ்த்து விட்டதன் பலன் என்ன? 2019இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 100க்கு 27 பேருக்கு மேல் இதைப் பிடித்தார்கள். பீடியை விட வந்தவர்களா இவர்கள்? பீடியையே பார்க்காத பிள்ளைகள்!

நமது நாட்டில் 2016–17 கணக்கெடுப்பின்படி பீடி பிடிப்போர் 7 கோடிக்கு மேல். வாயில் அடக்கும் புகையிலை, குட்கா போன்றவற்றைப் பயன்படுத்துவோர் ஏறத்தாழ 20 கோடி. இரவுப் பாளியில் தூக்கம் வராதிருக்க உதட்டில் புகையிலையை அடக்கிக்கொள்ளும் தொழிலாளிக்கும், பல நூறு ரூபாய் விலையுள்ள இந்தக் குழலுக்கும் என்ன சம்பந்தம்? அவரைக் காக்க வந்ததாகச் சொல்லும் சரக்கு அவர் கூலிக்கு எட்டாது. அவர் மகனைத்தான் பிடிக்கும். அந்த மகனைத்தான் கம்பெனி குறி வைக்கிறது. செத்துப் போகும் வாடிக்கைக்காரனுக்குப் பதில் புது வாடிக்கைக்காரன் வேண்டுமல்லவா?

சர்க்காரின் இரட்டை வேடம்

அப்படியானால் மத்திய சர்க்காரைப் பாராட்டலாமா? பொறுங்கள், தோழர்களே!

தமிழ்நாடு 2018 செப்டம்பரில் தடை போட்டது. மத்திய சர்க்கார் 2019 செப்டம்பர் 18ஆம் தேதி அவசரச் சட்டம் போட்டது. டிசம்பரில் அது பார்லிமெண்டுச் சட்டமாயிற்று. செய்தால், விற்றால், இறக்குமதி செய்தால், விளம்பரப்படுத்தினால் முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை மூன்றாண்டு, ஐந்து லட்சம். தடை சரியானதே. அதை நாம் எதிர்க்கவில்லை.

ஆனால் அறிவிப்பு வந்த அன்றே பங்குச் சந்தையில் யாருடைய பங்கு விலை ஏறியது? சிகரெட் கம்பெனிகளின் பங்கு! ஐ.டி.சி. கம்பெனியின் கதையைப் பாருங்கள். 1910இல் கல்கத்தாவில் 'இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி' என்று வெள்ளைக்காரன் ஆரம்பித்தது. 2025 மே மாதம் ஒரு பகுதியை விற்ற பிறகும் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவின் கையில் அதில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகவே இருந்தது. எல்.ஐ.சி., மற்றப் பொது இன்ஷூரன்ஸ் கம்பெனிகள், யூனிட் டிரஸ்ட் வழியாக வந்த பங்கு என்று சர்க்கார் தரப்பின் கையிலும் ஏறத்தாழ அதே அளவு இருந்துவந்திருக்கிறது. அதாவது, ஒரு கையால் புகையிலைப் பெட்டியில் புற்றுநோய்ப் படம் ஒட்டுகிறார்கள். மறு கையால் அந்தப் பெட்டியின் லாபத்தில் பங்கு வாங்குகிறார்கள்! மின்சிகரெட்டால் வரக்கூடிய சாவைத் தடுத்தார்களாம். ஆண்டுதோறும் இந்தியாவில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொல்லும் புகையிலையோ மூலைக்கு மூலை பெட்டிக்கடையில் தொங்குகிறது.

2013இல் தமிழ்நாட்டில் குட்காவுக்குத் தடை வந்தது. கிடைக்காத ஊர் உண்டா? அந்தத் தடைக்கு மேல் லஞ்சம் புரண்டு, அதிகாரிகள் வரை சி.பி.ஐ. விசாரணை போன கதையை நாடே பார்த்தது. தடை என்பது போலீஸின் மாமூல் பட்டியலில் இன்னொரு வரியாக முடிந்துவிட்டால், அதனால் ஏழைக்கு என்ன பயன்? சிக்குபவன் பெட்டிக்கடைக்காரன், சிக்காதவன் கொள்கலனில் இறக்கும் கடத்தல்காரன்.

உபதேசிகளுக்கு ஒரு வார்த்தை

இன்னொரு கூட்டம் உண்டு. "தொழிலாளிக்குப் புத்தியில்லை. கூலியைப் புகையாக ஊதுகிறான்" என்று உபதேசம் செய்யும் கூட்டம். அவர்களைக் கேட்கிறோம்: தொழிலாளி ஏன் பீடி பிடிக்கிறான்?

பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி நாலு தறி, ஆறு தறி ஓட்ட வேண்டும். தார் தீர்ந்தால் மாற்ற வேண்டும். இழை அறுந்தால் முடிய வேண்டும். காதைச் செவிடாக்கும் இரைச்சல். முன்பணம் என்ற சங்கிலி காலைக் கட்டியிருக்கிறது. பசியை மழுக்கவும் தூக்கத்தை விரட்டவும் நிக்கோடினுக்குச் சக்தி உண்டு. பல கூடங்களில் ஐந்து நிமிஷம் வெளியே நிற்க அனுமதி கிடைக்கும் ஒரே சாக்கு பீடிதான்! சோற்றுக்கும் ஓய்வுக்கும் பதிலாக முதலாளித்துவம் அவன் வாயில் வைத்திருப்பதுதான் பீடி. பழக்கம் தொழிலாளியுடையது, அதன் வேர் எங்கே இருக்கிறது?

2023 ஏப்ரல் 21ஆம் தேதி, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே தினத்தன்று அது வாபஸானது. தொழிலாளி வர்க்கம் ஒன்றுபட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் சங்கமில்லாத கூடங்களில் மசோதா இல்லாமலே பன்னிரண்டு மணி நேரம் நடக்கிறது. எட்டு மணி வேலையும் நிறைவான கூலியும் நடுவில் தேநீர் இடைவேளையும் வந்தால், பீடியை விடச் சொல்லும் உபதேசத்துக்கு அப்போது அர்த்தம் உண்டு.

ஆனால் தோழர்களே, "சுரண்டல் ஒழிந்த பிறகு பீடியை விடுகிறேன்" என்று நாமும் சொல்லக் கூடாது! மூச்சு வாங்கும் தொழிலாளியால் ஊர்வலத்தில் எத்தனை தூரம் நடக்க முடியும்? ஐம்பது வயதில் படுக்கையில் விழுந்தால் குடும்பம் மீண்டும் கந்துக்காரன் வாசலில்தானே நிற்கும்? நமது உடம்பு முதலாளிக்கு அடமானம் வைத்த சொத்தல்ல, வர்க்கத்தின் சொத்து.

பீடி சுற்றும் கைகள்

"பீடியை விட்டால், பீடி சுற்றும் லட்சக்கணக்கான பெண்கள் என்ன ஆவார்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முதலாளிகள் இந்தப் பெண்களைக் கேடயமாக்கித்தான் தங்கள் லாபத்தைக் காக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் போராடிக் கிடைத்ததே. தோழர் ஏ.கே.கோபாலன் போன்றோர் பார்லிமெண்டிலும் வெளியிலும் குரல் கொடுத்த பிறகே 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. 2017இல் ஜி.எஸ்.டி.யைக் காட்டிப் பீடித் தொழிலாளர் நல வரியை ஒழித்தார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் அந்த 1966 சட்டத்தையே கரைத்துவிட்டார்கள்.

மாற்று வழி இல்லையா? உண்டு. கேரளத்தில் 1966 சட்டத்தை அமலாக்கும்போது தனியார் முதலாளிகள் கடையை மூடித் தொழிலாளிகளைத் தெருவில் விட்டார்கள். இ.எம்.எஸ். சர்க்காரின் ஆதரவுடன் 1969இல் கண்ணூரில் 'தினேஷ் பீடி' கூட்டுறவு பிறந்தது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகள் வரை அதில் வேலை செய்தார்கள். பீடிக்குக் கிராக்கி குறையத் தொடங்கியதும், உணவுப் பொருள், குடை, ஆயத்த ஆடை என்று அதே கூட்டுறவு வேறு தொழில்களுக்குத் திரும்பியது. லாபம் முதலாளி கையில் இல்லாவிட்டால், புகையிலையை விட்டு வேறு தொழிலுக்கும் போக முடியும் என்பதற்கு இது கண்கண்ட சான்று.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே அந்தத் தறிக்காரருக்கு நமது பதில் இது: பீடியை விடுங்கள், பேட்டரியைப் பிடிக்காதீர்கள். விடுவதற்கு வழி இருக்கிறது. 1800-11-2356 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம்; தமிழிலும் ஆலோசனை சொல்வார்கள். நிக்கோடின் மிட்டாயும் பட்டையும் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2022 முதல் இருக்கின்றன. புகையிலையை விட உதவும் மருந்துகள் எவை என்று உலக சுகாதார நிறுவனமும் 2024இல் பட்டியலிட்டுச் சொல்லிவிட்டது. அதில் மின்சிகரெட் இல்லை! தனியாக விட முடியாவிட்டால், ஒரே கூடத்தில் நாலு பேர் சேர்ந்து விடுங்கள். ஒருவருக்கு ஒருவர் துணை. முதல் மூன்று வாரம் கடினம். கோபம் வரும், தூக்கம் கெடும், பசி கூடும். தண்ணீர் குடியுங்கள், வாய்க்குக் கடலையோ ஏலக்காயோ போடுங்கள். தாண்டிவிடலாம்.

சங்கங்கள் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் இவை:

ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் புகையிலையை விடுவதற்கான மருந்தும் ஆலோசனையும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். பட்டியலில் மருந்து இருந்து, அலமாரியில் இல்லாவிட்டால் பயனில்லை.

பத்துப் பேருக்குக் குறைவான தறிக்கூடம் என்று காரணம் காட்டி ஈ.எஸ்.ஐ.யை மறுப்பதை ஒழித்து, எல்லாத் தறித் தொழிலாளிக்கும் வைத்தியப் பாதுகாப்புத் தர வேண்டும்.

தூசியை உறிஞ்சி வெளியேற்றும் இயந்திரம் ஒவ்வொரு நூற்பாலையிலும் கூடத்திலும் கட்டாயமாக வேண்டும். எட்டு மணி வேலை அமலாக வேண்டும்.

மின்சிகரெட் கடத்தலில் பெட்டிக்கடைக்காரனை விட்டு, மொத்த வியாபாரியைப் பிடிக்க வேண்டும். சிகரெட் கம்பெனிகளில் உள்ள பங்கை விட்டு சர்க்கார் தரப்பு வெளியேற வேண்டும். அந்தப் பணம் பீடித் தொழிலாளிகளின் மாற்று வேலைக்கும் புகையிலை பயிரிடும் சிறு விவசாயிகளின் மாற்றுப் பயிருக்கும் போக வேண்டும்.

வாலிபர் சங்கத் தோழர்கள் பள்ளிக்கூட வாசல்களில் இந்தப் பிரசாரத்தை உடனே தொடங்க வேண்டும். அடுத்த தலைமுறையின் நெஞ்சுக்குக் கம்பெனிகள் விலை பேசும் இடம் அதுதான்.

தோழர்களே! கல்நாரை வடிகட்டி என்று விற்ற கை, நஞ்சை 'லைட்' என்று விற்ற கை, இன்று மாம்பழ வாசனையுடன் நம்மிடம் நீள்கிறது. அந்தக் கையைத் தட்டிவிடுவோம். பீடியும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். தூசியில்லாத கூடமும் எட்டு மணி வேலையும் வயிறு நிறையச் சோறும் வேண்டும். நெஞ்சு நிமிர்ந்து மூச்சு விடும் உரிமையைச் சங்கமாகச் சேர்ந்து வென்றெடுப்போம்!